சுவரில் வந்து நின்ற கேள்வி

முதல் ஷிப்ட் விடுகிற நேரம். அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் ஆயில் கறை போகாத சட்டைகள் மொய்த்துக்கொண்டிருந்தன. 2003-ஆம் ஆண்டு. அன்றைக்கு எல்லார் தலையும் எதிர் மதிலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. முந்தின நாள் அங்கே இல்லாத ஒரு வரி அன்று இருந்தது.

‘புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’

அவ்வளவுதான். கேட்டது யார் என்று இல்லை. பதிலும் இல்லை. ஒருவர் சத்தமாகப் படித்தார். “எந்த தியேட்டர்லப்பா போட்டிருக்கான்?” என்றார் இன்னொருவர். நானும் அதைப் புதுப்படம் என்றே நினைத்தேன். “யாருடா புலிராஜா, நம்ம வெல்டிங் செக்‌ஷனா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கடையே சிரித்தது. சிரிப்பு அடங்கியபின், லேத்தில் வேலை பார்க்கும் வயதான ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “வருமா வராதான்னு சொல்லாம போயிட்டானே.”

அந்த ஒரு வாக்கியம் இருபது வருடத்துக்கு மேலாக என்னோடு இருக்கிறது. பொது சுகாதாரத் துறை எத்தனையோ சுவர்களில் எத்தனையோ எழுதியிருக்கிறது. எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தொழிலாளி தானாகப் பதில் தேடியதை நான் கண்ணால் பார்த்தது அந்த ஒரு முறைதான். சுவருக்கு வருவதற்கு முன்னால் அந்தக் கேள்வி எங்கே இருந்தது, வந்தபின் எங்கெல்லாம் போனது என்று தேடிப் பார்க்கும் ஆசை அன்றைக்கு முளைத்தது.

இந்தக் கேள்வியின் பாட்டி என்று சொல்ல வேண்டுமானால் அது 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் இருந்தது. நுண்ணுயிரியல் பேராசிரியை சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவின் ஆய்வுக்கு ஒரு தலைப்பு கொடுத்தார்: எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா? அது அமெரிக்கர்களின் நோய், நம் பண்பாட்டுக்கு அது வராது என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்த காலம். நிர்மலா, மயிலாப்பூரில் அரசு விடுதியில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் போய் ரத்த மாதிரி எடுத்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. ஐஸ் பெட்டியில் மாதிரிகளை வைத்து, கணவரோடு இரவு ரயிலேறி, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் நிறம் மாறியது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது அப்படித்தான். ‘இங்கே வருமா?’ என்ற கேள்விக்கு ‘வந்துவிட்டது’ என்று பதில் கிடைத்தது.

அதன் பிறகு பல வருடங்கள் சுவர்களில் கேள்வி இல்லை, மிரட்டல்தான் இருந்தது. மண்டை ஓடு, பாம்பு, சிவப்பு மையில் ‘உயிர்க்கொல்லி நோய்’. எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய மதிலிலும் அப்படி ஒரு படம் வெகுநாள் இருந்தது. மழையில் பாம்பு கரைந்து, மண்டை ஓடு மட்டும் மிஞ்சியது. எழுதியவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்தப் படத்தைத் தாண்டிப் போகும் ஒருவர் மனதில் என்ன ஓடும்? இது கெட்டவர்களுக்கு வருவது. நான் அப்படிப்பட்டவன் இல்லை. எனவே இது எனக்கு இல்லை. பயமுறுத்திய சுவர், பயப்பட வேண்டியவரை வெளியே அனுப்பிவிட்டு, ஏற்கெனவே நோய் வந்தவரை ஊரை விட்டே அனுப்பும் வேலையைச் செய்தது.

1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. அரசுத் துறையாக இல்லாமல் சங்கமாக அமைத்ததால் முடிவெடுப்பதும் பணம் செலவழிப்பதும் வேகமாக நடந்தன. பின்னால் மற்ற மாநிலங்களும் அதே அமைப்பை எடுத்துக்கொண்டன. 1995-இல் இன்னொரு வேர். டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி உருவாக்கிய, தரமணியில் இருக்கும் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் மருத்துவமனை, அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் பணத்தில் ‘ஏபேக்’ என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தை நடத்த ஆரம்பித்தது. புலிராஜா பிறந்த வீடு அதுதான். ஆனால் அவன் பிறக்க இன்னும் எட்டு வருடம் இருந்தது. நடுவில் நடந்தது கேட்கும் வேலை.

1996 முதல் ஏபேக், வருடா வருடம் ஒரு நடத்தைக் கண்காணிப்பு ஆய்வு நடத்தியது. பாலியல் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள், கிளீனர்கள், ஆலைகளில் வேலை செய்யும் ஆண்கள், பெண்கள் என்று தனித்தனிக் குழுக்கள். எச்.ஐ.வி. பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா, எப்படிப் பரவும், மனைவி அல்லாதவரோடு உறவு உண்டா, கடைசியாக அப்படிப் போனபோது ஆணுறை போட்டீர்களா, அதை எங்கே வாங்கினீர்கள், உங்களுக்கு இது வரலாம் என்று நினைக்கிறீர்களா? பேர் எழுதுவதில்லை. ஆணிடம் ஆண், பெண்ணிடம் பெண் கேட்பார்கள். ஒரே மாதிரிக் கேள்வியை வருடந்தோறும் கேட்டால்தான் மாற்றம் தெரியும் என்பது கணக்கு. ரத்தம் எடுக்காமல் நோயின் போக்கை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் வழி இது. கிருமி உடம்புக்குள் போய், பரிசோதனையில் தெரிந்து, கணக்கில் ஏற வருடங்கள் ஆகும். பழக்கம் மாறுவதை அடுத்த வருடமே பார்த்துவிடலாம்.

கேட்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் வேறு ஒரு கணக்கெடுப்புக்காக, பூந்தமல்லி பைபாஸ் ஓரத்தில் கேள்வித்தாள் தூக்கிக்கொண்டு அலைந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. நசரத்பேட்டைக்கு முன்னும் பின்னும் லாரிகள் வரிசையாக நிற்கும். லோடு கிடைக்க ஒரு நாளும் ஆகும், மூன்று நாளும் ஆகும். நண்பர் முதலில் கற்ற பாடம், பேனாவை வெளியே எடுக்காமல் இருப்பது. பேனாவைப் பார்த்தால் ஆர்.டி.ஓ. ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். “என்ன லோடுண்ணே?” என்று ஆரம்பித்து, வண்டியின் நிழல் விழும் பக்கமாக உட்கார்ந்து, கிளீனர் பையனை டீ வாங்க அனுப்பிய பிறகுதான் பேச்சே தொடங்கும். பையன் காதில் விழுந்தால் டிரைவர் உண்மை பேசமாட்டார். டிரைவர் காதில் விழுந்தால் பையன் வாயே திறக்கமாட்டான்.

அடுத்த முட்டுக்கட்டை சொல். தாளில் அச்சடித்திருந்தது ‘பால்வினை நோய்’. அந்தச் சொல்லை நண்பர் சொன்னபோது ஒரு டிரைவர், “அது மாட்டுக்கு வர்றதா?” என்று கேட்டாராம். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டிருக்கிறார். பால் என்றால் பால்தானே. அவர்களுக்குத் தெரிந்தது மேகநோய், வெட்டை, ‘பொம்பள சீக்கு’. ஆணுறை என்ற சொல்லும் அப்படித்தான். பெட்டிக்கடையில் யாரும் ஆணுறை கேட்டு வாங்கியதில்லை. அரசு 1968-இல் கொண்டுவந்த பிராண்டின் பெயரே பண்டத்தின் பெயராகிவிட்டது: நிரோத். எந்தக் கம்பெனி சரக்காக இருந்தாலும் நிரோத்தான். இரவல் வாங்கிய தூய தமிழில் கேட்டால் எல்லாரும் ‘தெரியாது’ என்பார்கள். தெரியாதவர்கள் என்று நாம் அறிக்கை எழுதிவிடுவோம். அவர்களுக்குத் தெரியும். நம் சொல்தான் அவர்களுக்குத் தெரியாது.

‘பொம்பள சீக்கு’ என்ற அந்தச் சொல் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. நோய் பெண்ணிடமிருந்து வருகிறது, ஆணுக்கு அது நேர்கிற விபத்து என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் யார் எந்தப் போஸ்டர் ஒட்டினாலும் அது அந்தத் தீர்ப்பின் மேல்தான் ஒட்டும்.

பிறகு சூடு. இரவெல்லாம் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினால் சூடு உடம்பில் ஏறுகிறது, அதை இறக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் கண் எரியும், சிறுநீர் கடுக்கும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். நம் வீடுகளில் எண்ணெய்க் குளியலும் மோரும் எந்த நம்பிக்கையில் நிற்கின்றனவோ, அதே நம்பிக்கைதான். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டு ‘ஒழுக்கமாக இரு’ என்று எழுதினால் அந்த மனிதருக்கு அதில் தன்னைப் பற்றி எதுவும் இருக்காது. அவருடைய கணக்கில் அவர் தப்பு செய்யவில்லை, வைத்தியம் செய்துகொள்கிறார்.

இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. 1998-99-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், எய்ட்ஸ் பற்றிக் கேள்விப்பட்ட பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 40 பேர். தமிழ்நாட்டில் 87 பேர். அதாவது செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆண்களிடமும் அதே கதைதான். எப்படி வரும் என்று கேட்டால் ஒப்பிப்பார்கள். ‘உங்களுக்கு வருமா?’ என்றதும் முகம் மாறும். எனக்கா? நான் பார்த்துத்தான் போவேன். அந்தப் பொண்ணு பார்க்க நல்லா இருந்தா. நான் ஆரோக்கியமானவன். எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்துவிடுவேன். தெரிவதற்கும் தனக்கென்று உணர்வதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்தது. இன்னும் நூறு சுவரில் ‘எய்ட்ஸ் இப்படிப் பரவும்’ என்று எழுதினாலும் அந்தப் பள்ளம் தூராது.

புலிராஜா அந்தப் பள்ளத்தில் பிறந்தவன் என்பது என் வாசிப்பு. ஆய்வுத்தாளில் ‘உங்களுக்கு எய்ட்ஸ் வரும் என்று நினைக்கிறீர்களா?’ என்று இருந்த கேள்வியிலிருந்து ‘உங்களுக்கு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பெயரை வைத்தார்கள். ‘உனக்கு’ என்று விரல் நீட்டினால் முகம் திருப்பிக்கொள்பவன், மூன்றாம் மனிதனைப் பற்றி என்றால் மணிக்கணக்கில் பேசுவான். அந்தப் பெயரைப் பாருங்கள். புலியும் ராஜாவும். சாதி தெரியாது, ஊர் தெரியாது, மதம் பிடிபடாது. ‘நம்மாளு புலிடா’ என்று தோளில் தட்டிக்கொள்ளும் ஒவ்வொரு ஆணும் கண்ணாடியில் பார்க்கும் ஆள் அது. எதுவும் ஆகாது என்று நினைப்பவனுக்குப் புலிராஜா என்பதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது. அதனால்தான் எங்கள் டீக்கடையில் எல்லாரும் சிரித்தார்கள், ஒருவர் மட்டும் சிரித்து முடித்துவிட்டு யோசித்தார்.

முதலில் வெறும் கேள்வி. ஊர் முழுக்கப் பேச்சானபின், புலிராஜா யார், அவன் என்ன செய்தால் வரும், என்ன செய்தால் வராது என்பதைச் சொல்லும் விளம்பரங்கள் டிவியில் வந்தன. சோப்புக்கும் சினிமாவுக்கும் செய்கிற உத்தி. ஒரு நோய்த் தடுப்புக்கு அதை இவ்வளவு பெரிதாகச் செய்து தமிழ்நாடு பார்த்தது அப்போதுதான்.

வந்ததும் கேள்வி கால் முளைத்து நடந்தது. கொரட்டூரில் ஆட்டோ பின்கண்ணாடி. பட்டரவாக்கம் ஸ்டேஷன் படிக்கட்டு. ஆவடி லோக்கலில் சீட்டாடும் கும்பல், ஜோக்கர் விழுந்தவரைப் ‘புலிராஜா’ என்று கூப்பிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அந்தப் பேர் சொல்லித் துரத்தினார்கள். வீட்டில் அப்பாவிடம், ‘எய்ட்ஸ்னா என்னப்பா?’ என்று ஏழு வயசுக் குழந்தை கேட்டதாகப் பலரும் சங்கடத்தோடு சொன்னார்கள். அதுவரை அந்த வார்த்தையை வீட்டுக்குள் உரக்கச் சொன்னவர் கிடையாது. அம்பத்தூரில் ராக்கி தியேட்டர் வாசலில் நின்று, மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஆண்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன். அந்த வாயடைப்பு உடைந்ததை எந்த ஆய்வு எண்ணிலும் அளக்க முடியுமா என்று தெரியவில்லை. நான் அதைப் பெரிய காரியமாகத்தான் நினைக்கிறேன்.

ஆனால் பயணம் அந்த வழியில் மட்டும் போகவில்லை.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை. அந்த வருடம் திடீரென்று இளைக்க ஆரம்பித்தார். சட்டை தோளில் தொங்கியது. என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை. கேட்காமலே தெரு முடிவு செய்துவிட்டது. ஒரு சாயங்காலம், முனையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தக் கேள்வியைப் பாட்டாகப் பாடினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மனைவி வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்றிருந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து அந்தப் பையன்களை அதட்டவில்லை. பெரியவர்கள் யாரும் அதட்டவில்லை. அது எங்கள் தெருவின் குற்றம், என் குற்றமும்தான். சுவரில் எழுதியவர் மேல் அதைப் போட எனக்கு உரிமை இல்லை. இரண்டு மாதத்தில் அவர்கள் பட்டாபிராம் பக்கம் வீடு மாறிப் போனார்கள் என்று சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தேன். ‘வருமா?’ என்பது இன்னும் வராதவனிடம் கேட்கும் கேள்வி. ஏற்கெனவே வந்தவர் காதில் அது எப்படி விழும்? அன்றைக்குத் தமிழ்நாட்டில் அப்படிப்பட்டவர்கள் ஒளிந்திருக்கவும் இல்லை. எச்.ஐ.வி. உள்ளோரின் இந்திய வலையமைப்பு 1997-இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. அடுத்த வருடமே பி.கௌசல்யா போன்றவர்கள், எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கினார்கள். பேர் சொல்லி, முகம் காட்டிப் பேசினார்கள். ‘எய்ட்ஸ் நோயாளி’ என்று சொல்லாதீர்கள், ‘எச்.ஐ.வி. உள்ளோர்’ என்று சொல்லுங்கள் என்று பத்திரிகைகளோடு போராடியவர்கள் அவர்கள். ஒரு பிரசாரம் சுவருக்குப் போவதற்கு முன்னால் லாரி டிரைவரிடம் கேட்பதைப் போல அவர்களிடமும் கேட்க வேண்டும், இதைப் படித்தால் உங்கள் தெருவில் என்ன நடக்கும் என்று. பிரசாரங்கள் ‘இலக்கு மக்கள்’ என்று ஒரு சொல் வைத்திருக்கின்றன. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. இலக்கு ஒருவராக இருக்கும்போது அம்பு வேறு யார் மேலெல்லாம் உரசிப் போகிறது என்று பார்க்கும் பொறுப்பு அந்தச் சொல்லில் இல்லை.

பெண்கள் விஷயம் இதைவிட ஆழம். சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த எச்.ஐ.வி. உள்ள பெண்களைப் பற்றி 2000-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, அவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் கணவரைத் தவிர வேறொருவரை அறியாதவர்கள் என்று காட்டியது. அவர்களைப் பொறுத்தவரை ஆபத்து என்பது தாலிதான். அவர்களுக்கு எந்தச் சுவரில் என்ன எழுதுவது? ‘புலிராஜாவின் மனைவிக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்ட சுவர் எதையும் நான் பார்த்ததில்லை. தெரிந்தும் அவளால் என்ன செய்ய முடியும்? நிரோத் போடு என்று கணவனிடம் சொன்னால், ‘என்னைச் சந்தேகப்படுகிறாயா?’ என்பான். அல்லது, ‘உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?’ என்பான். இரண்டில் எது வந்தாலும் அடி அவளுக்கு. அவளிடம் தகவல் இல்லாமல் இல்லை, பேசுவதற்கு இடம்தான் இல்லை. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள லாரி நிழல் போதாது. குழாயடியும், ரேஷன் கடை வரிசையும், எக்ஸ்போர்ட் கார்மென்ட்ஸ் வேனின் கடைசி சீட்டும் தேவைப்படும்.

உண்மையைச் சொல்லவைக்கும் வழிகளும் அதற்குப் பிறகு வளர்ந்தன. எனக்கு மிகவும் பிடித்த ஒன்று கர்நாடகத்தில் பெரிய அளவில் செய்யப்பட்ட வாக்குச்சாவடி முறை. பத்துப் பன்னிரண்டு பேரை ஒரு அறையில் உட்காரவைப்பார்கள். ஆளுக்கொரு அட்டைத் தடுப்பு, உள்ளே பெட்டிகள், எண் போட்ட சீட்டுகள். ஒருவர் நடுவில் நின்று கேள்வியைப் படிப்பார். ஆம் என்றால் சீட்டை ஒரு பெட்டியிலும் இல்லை என்றால் இன்னொன்றிலும் போட வேண்டும். யார் என்ன போட்டார் என்று கேட்பவருக்கும் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. முகத்துக்கு நேராகக் கேட்டபோது வந்ததைவிட, தடுப்புக்குப் பின்னால் அதிகம் பேர் ‘ஆம்’ போட்டார்கள். வோட்டுப் போட்டுப் பழகிய மக்களிடம் அந்தப் பழக்கத்தையே கருவியாக எடுத்துக்கொண்டது எவ்வளவு நல்ல யோசனை! கூட்டம் முடிந்ததும் பெட்டியைப் பிரித்து எண்ணி, கூட்டு முடிவை அங்கேயே சொல்லிப் பேசவும் முடியும். கேட்டவரிடமே பதில் போய்விடாமல், சொன்னவர்களிடமும் திரும்பி வருகிறது.

நோய் குறைந்ததா? குறைந்தது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளிடம் எடுத்த கணக்கில் 2001-இல் 1.13 சதவீதமாக இருந்த எச்.ஐ.வி., 2007-இல் 0.25 சதவீதமாக இறங்கியது. ராஜேஷ் குமார், பிரபாத் ஜா ஆகியோரின் குழு 2006-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை, தமிழ்நாட்டையும் சேர்த்த தென் மாநிலங்களில் 2000 முதல் 2004 வரை இளம்பெண்களிடம் தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது. ஆண்கள் பாலியல் தொழிலாளர்களிடம் போவது குறைந்தது, அல்லது போகும்போது ஆணுறை போட்டது காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஏபேக்கின் வருடாந்திர ஆய்வுகளிலும் லாரி ஓட்டுநர்களின் பழக்கம் அந்தத் திசையில்தான் நகர்ந்திருந்தது. இதில் புலிராஜாவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துத் தரும் தராசு கிடையாது. இந்த இறக்கம் அவன் சுவருக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பாலியல் தொழிலாளர்கள் தங்களுக்குள் சங்கம் சேர்ந்து, ‘போடலைன்னா கிளம்பு’ என்று சொல்லக் கற்றது அதில் பெரும்பங்கு என்பது என் எண்ணம். அவர்கள் பேரில் ஹோர்டிங் எதுவும் இல்லை.

2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட எட்டு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்தது. அதுவரை ‘வருமா?’ என்பதுதான் பெரிய கேள்வி. மருந்து வந்தபின் ‘வந்தால் என்ன, வாழலாம்’ என்ற பதிலுக்கு முதன்முறையாக இடம் கிடைத்தது. எங்கள் தெருவை விட்டுப் போனவரை நினைக்கும்போதெல்லாம் இந்தத் தேதியும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அவருக்கு என்ன நோய் என்று எனக்கு இன்றும் தெரியாது.

சுவர்கள் மாறிவிட்டன. அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் போனது. ஆவடி 2019-இல் தானே மாநகராட்சி ஆனது. அந்த எஸ்டேட் மதில் இருந்த இடத்தில் இன்றைக்குக் கண்ணாடி முகப்புக் கட்டடம் இருக்கிறது. கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் அங்கே டீ குடிக்கிறார்கள். புலிராஜா யார் என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. அவர்களில் பலருக்கு எய்ட்ஸ் என்பதே பாடப்புத்தகத்துச் சொல். 1097 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. அதற்குப் போன் போடுவதற்கு முன்னால் அவர்களுக்கும் ‘எனக்கா?’ என்ற அந்தப் பழைய பள்ளத்தைத் தாண்ட வேண்டியிருக்கும். அவர்கள் காதல் தேடும் இடம் லாரி நிறுத்தம் இல்லை, கைபேசி. அங்கே அவர்கள் என்ன சொல்லில் பேசிக்கொள்கிறார்கள் என்று யாராவது இப்போது நிழல் பார்த்து உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கேள்வி சாகவில்லை, இடம் மாறி உள்ளே போய்விட்டது. அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடத்துக்குத் தமிழ்நாட்டில் ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அவர் மக்களைக் கேட்டவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நோயின் பேர் பலகையில் இல்லாததால் உள்ளே நுழைபவரை வெளியே நிற்பவர் எடை போட முடியாது. கர்ப்பமாகி முதல் முறை வரும் பெண்களுக்கு அங்கே மற்ற ரத்தச் சோதனைகளோடு இதையும் செய்கிறார்கள். முன்கூட்டித் தெரிந்து மருந்து எடுத்துக்கொண்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

இந்தப் பக்கத்து மையம் ஒன்றில் ஆலோசகராக இருந்த தோழி ஒருத்தி, யார், எந்த ஊர் என்ற அடையாளம் எதுவும் இல்லாமல், ஒரு பெண்ணைப் பற்றி என்னிடம் ஒரு முறை சொன்னாள். அந்த அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கரகரக்கும் ஃபேன். சோதனை முடிவைச் சொல்வதுகூட அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது அதற்கு அடுத்த கேள்வி. எல்லாப் பெண்களிடமும் கேட்டாக வேண்டும்: “வீட்டுக்காரரையும் ஒரு தடவை கூட்டிட்டு வர்றீங்களாம்மா?”

ஐந்து மாத வயிற்றோடு எதிரில் உட்கார்ந்திருந்த பெண், சீட்டை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, வெகுநேரம் பேசவில்லையாம். பிறகு கேட்டாளாம்:

“என்னன்னு சொல்லிக் கூப்பிடறது மேடம்?”

தோழி கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை மேஜையின் அந்தப் பக்கம், அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.